சம்பந்தியின் சைடுகாருக்குக் கதவு வைத்த விவரம்

அன்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு,

இந்தப் பக்கம் எல்லோரும் சௌக்கியம். அந்தப் பக்கமும் அப்படியே என்று மருமகள் தொலைபேசியில் கேட்டுச் சொல்லிவிட்டாள். இருந்தாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் கேட்பதுதான் முறை என்பதால் கேட்கிறேன்: நலமா? சம்பந்தியம்மாவின் தோள்வலி இறங்கியதா? உங்கள் வண்டிக் கொட்டகையின் கூரை ஒழுகுகிறது என்றீர்களே, அடைத்தாகிவிட்டதா? பேரனுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. அதில் ஒன்றை என் சுண்டுவிரலில் சோதித்துப் பார்த்தான்; உறுதியான பல். நீங்கள் எங்களுக்குக் கொடுத்து உதவிய சைடுகாரும் நலமாகத்தான் இருக்கிறது. எந்த அளவுக்கு நலம் என்பதை விளக்குவதற்கே இந்தக் கடிதம். அடுத்த மாதம் பேரனைப் பார்க்க வரும்போது அதை நேரில் பார்ப்பீர்கள். நேரில் பார்ப்பதற்கு முன்னால் எழுத்தில் பார்த்துவிடுவது நம் இருவரின் இரத்த அழுத்தத்துக்கும் நல்லது என்று உங்கள் சம்பந்தியம்மா, அதாவது என் மனைவி, கருதுகிறாள்.

நான் பேருந்துகளுக்கு பாடி கட்டும் பணிமனையில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். எதையும் அளவு, நேரம், விளைவு என்ற வரிசையில் சொல்லித்தான் பழக்கம். உணர்ச்சிவசப்பட்டு எழுதினால் எனக்கு எழுத்துப்பிழை வரும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு கோபப்படுவதாக இருந்தால் மொத்தமாகப் படுங்கள், நடுவில் நிறுத்திக் கோபப்பட வேண்டாம்.

நூலகத்தின் வாசலில் படி முடிந்துவிட்டது என்று நினைத்து என் மனைவி காலை வைத்ததும், முடியாமல் இன்னும் ஒரு படி பாக்கி இருந்ததும், முழங்கால் சில்லு இரண்டாக உடைந்ததும் நீங்கள் அறிந்த கதை. கட்டு அவிழ்த்த பிறகு முழங்கால் பாதி தூரம்தான் மடங்கியது. அவளுடைய தையல் வகுப்பு அச்சகத்துக்குப் பின்னால் உள்ள கூடத்தில் நடப்பது. பதினான்கு பெண்கள். சான்றிதழ்த் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் சீருடைத் தொழிற்சாலையில் அவர்களை உள்ளே விடுவார்கள். இவளோ ஐந்து மாதமாக ஜன்னலோர நாற்காலியில். மகன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். மூடிய காரில் ஏறினால் இரண்டாவது திருப்பத்தில் இவளுக்குக் குமட்டல் வந்துவிடும். அது அவன் பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டான். பேருந்தில் போகலாம் என்றால் முதல் படிக்கே கால் எழும்பாது. அப்போதுதான் நீங்கள், கொட்டகையில் ஒரு சைடுகார் சும்மா இருக்கிறது, திறந்த வண்டி, காற்றோட்டமானது, உங்கள் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் மாட்டினால் சம்பந்தியம்மா ராணி மாதிரி போகலாம் என்று சொல்லி, நீங்களே கொண்டுவந்து மாட்டியும் கொடுத்தீர்கள். போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள்: "பெயிண்ட்ல மட்டும் ஒரு கீறல் விழாம பாத்துக்கங்க சம்பந்தி, அந்த நீலம் இப்ப கெடைக்காது." அந்த வார்த்தையை நான் இன்று வரை மறக்கவில்லை என்பதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சைடுகார் என்பது ஓடும்போது அருமையான சாதனம். நிற்கும்போதுதான் பிரச்சினை. அதன் விளிம்பு தரையிலிருந்து அறுபத்தெட்டு சென்டிமீட்டர். ஏறுகிறவர் ஒரு காலை அந்த விளிம்புக்கு மேலே தூக்கி உள்ளே போட்டு, இருக்கையின் மேலேயே நின்று, மற்ற காலையும் இழுத்துக்கொண்டு, பிடிக்க ஏதும் இல்லாத வெட்டவெளியில் அப்படியே கீழே இறங்கி, இரண்டு காலையும் முன்னால் உள்ள மூக்குப் பகுதிக்குள் நீட்ட வேண்டும். முழங்கால் மடங்குகிறவர்களுக்கே இது ஒரு வித்தை. முதல் நாள் நானும், கீழ்வீட்டில் குடியிருக்கும் மின்வாரியக்காரரும் (கணக்கெடுக்க வருகிறவர், தெருவே அவரை மீட்டர் என்றுதான் கூப்பிடும்) ஒரு நாற்காலியைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒன்பது நிமிடத்தில் இவளை உள்ளே அமர்த்தினோம். வண்டி கிளம்பியது. ஐந்து மாதத்துக்குப் பிறகு தெருவைப் பார்க்கிறாள். சலவைக் கடை தாண்டியதும் முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்களேன்" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் உங்களுக்குக் கடமைப்பட்டவன். அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கும் கடமைப்பட்டவன்தான், வேறு விதமாக.

அச்சகத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினேன். இறங்குவதற்கு நாங்கள் யாரும் யோசித்து வைக்கவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஏறும்போது உடம்பு கீழே இறங்குகிறது. பூமியே உதவி செய்கிறது. இறங்கும்போது ஆழமான இருக்கையிலிருந்து எழ வேண்டும், ஊன்ற இடமில்லை, முழங்கால் மடங்கவில்லை. பதினான்கு மாணவிகளும் கழுத்தில் டேப்போடு வெளியே ஓடிவந்து சுற்றி நின்றார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருத்தி வண்டியைச் சாய்க்கலாம் என்றாள். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்த இவள், "போதும்டி. மேசையை இங்க கொண்டு வாங்க. இன்னைக்கு கைப்பகுதி வெட்டுறது" என்றாள். வகுப்பு தெருவிலேயே நடந்தது. இரண்டு மணி நேரம். இவள் சைடுகாரில் அமர்ந்தபடி துணியில் கோடு போட, மாணவிகள் சுற்றி நின்று வெட்ட, கூட்டம் சேர்ந்துவிட்டது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது, வண்டியா கடையா?"

"வகுப்பு," என்றாள் இவள், நிமிர்ந்து பார்க்காமல்.

"அனுமதி இருக்கா?"

"வண்டிக்கா, வகுப்புக்கா?"

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவள் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். "தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. பாத்தீங்களாடி? தோள் தையல் எப்படி முன்னாடி எறங்கி வந்திருக்கு பாருங்க. நான் அன்னைக்குத் தலைப்பாடா அடிச்சிக்கிட்டேனே, இதுதான் அந்தத் தப்பு. தம்பி, கையைத் தூக்குங்க. பிடிக்குதா?"

"ஆமாம்மா, கையைத் தூக்கினா பிடிக்குது," என்றார் காவலர். வாகனங்களை நிறுத்துவதற்காக நாள் முழுக்கக் கையைத் தூக்குகிறவர் அவர். அவருடைய வாழ்க்கையின் பெரிய துன்பத்தை ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னதும் அவர் அனுமதி கேட்டதை மறந்துவிட்டார். கால் மணி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு மாதிரியாக நின்றார். வீட்டுக்கு வந்ததும் இருக்கையோடு சேர்த்து நான்கு பேர் தூக்கி இவளை வெளியே எடுத்தோம். பெயிண்டில் கீறல் விழவில்லை.

அன்று தொடங்கியதுதான் என் ஆராய்ச்சி. முதல் ஏற்பாடு ஒரு முக்காலி. அதைப் பின்னால் கட்டிக்கொண்டு போய், இறங்கும் இடத்தில் பக்கத்தில் போட்டுவிட்டால் உயரம் பாதியாகிவிடும் என்பது என் கணக்கு. கணக்கு சரி. நான் கியரில் போடாமல் வண்டியை நிறுத்தியதுதான் தவறு. காய்கறிச் சந்தை முன்னால் தெரு லேசாகச் சரிவு. இவள் ஒரு காலை முக்காலியிலும் ஒரு காலை சைடுகாரிலும் வைத்திருந்த நேரம் பார்த்து வண்டி மெதுவாக நகர ஆரம்பித்தது. அவசரம் இல்லாமல், யாரோ கூப்பிட்ட மாதிரி போயிற்று. ஏறுவதா இறங்குவதா என்று முடிவெடுக்க இவளுக்கு அரை நொடி இருந்திருக்கும். ஏறிவிட்டாள், ஆனால் பின்பக்கம் பார்த்து. நான் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினேன். திரும்பி உட்கார வைக்க முயன்றோம். ஏற்றி இறக்குவதைவிட அது கடினமாக இருந்தது. "விடுங்க, இப்படியே போகலாம்" என்றாள். ஐந்து கிலோமீட்டர் அப்படியே வந்தோம். பின்னால் வந்த லாரி ஓட்டுநரோடு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறக்கும்போது, அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள், மூத்தவளுக்குக் கணக்கு வரவில்லையாம் என்ற தகவல் எங்களிடம் இருந்தது. முக்காலி சந்தையிலேயே நின்றுவிட்டது. மறுநாள் போனபோது தக்காளி விற்கிற அம்மாள் அதில் உட்கார்ந்திருந்தார். கேட்க மனம் வரவில்லை.

அடுத்தது மிதிபடி. சைடுகாரின் மூக்குக்குக் கீழே ஓர் இரும்புப் படியை போல்ட் போட்டு மாட்டினேன். (போல்ட் அடிப்பக்கம்தான், வெளியே தெரியாது.) இவள் முழு எடையையும் அதன் மேல் வைத்ததும் மூக்கு கீழே போய் வால் மேலே எழும்பியது, பின்பக்கம் வைத்திருந்த அவளுடைய பையும், பைக்குள் இருந்த பதினான்கு பேரின் வெட்டுத் துணிகளும் தெருவில் கொட்டின. அன்றைய வகுப்பில் யாருடைய கை யாருடைய சட்டைக்கு என்று பிரிப்பதற்கே நேரம் போதவில்லை. படியைக் கழற்றிவிட்டேன். பிறகு கைப்பிடி. மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கை ஓரத்தில் ஒரு குழாயை வளைத்துப் பொருத்தினேன். இது உண்மையிலேயே உதவியது. பிடித்துக்கொண்டு எழ முடிந்தது. ஆனால் எழுந்து நின்ற பிறகு அந்த அறுபத்தெட்டு சென்டிமீட்டரைக் காலால் தாண்டியாக வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

அப்போது எனக்கு, பழக்கம்தான் குறை, பயிற்சி கொடுத்தால் வேகம் வரும் என்று தோன்றியது. வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, காலையும் மாலையும் இருபது இருபது முறை ஏறி இறங்க வைத்தேன். சுவரில் அட்டவணை ஒட்டி, நான் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றேன். மீட்டர் மாடிப்படியில் உட்கார்ந்து, தொழில் பழக்கத்தில், ஒவ்வொரு முறையும் உரக்கப் படித்துச் சொல்வார். ஆறு வாரம் இது நடந்தது. நேரம் குறையத்தான் செய்தது: நான்கு நிமிடம், மூன்று, இரண்டே கால். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். ஒரு நாள் சாயங்காலம் பதினேழாவது முறையில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, விளிம்பின் மேல் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன, ஏன் நின்னுட்டே? நேரம் ஓடுது," என்றேன்.

"ஓடட்டும். நான் என்ன பார்சலா?"

மீட்டர் எழுந்து உள்ளே போய்விட்டார். விவரமான மனிதர்.

"ஒன்னு கேக்குறேன், பதில் சொல்லுங்க. நாப்பது வருஷம் பஸ்ஸுக்குப் படி வச்சீங்களே, ஒரு நாளாவது கையில ரெண்டு பையைத் தூக்கிக்கிட்டு அதுல ஏறிப் பாத்தீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி. அவளைக் கைப்பிடித்து இறக்கினேன். அன்றைய அட்டவணையில் பதினேழோடு கோடு போட்டு நிறுத்தினேன்.

மறுநாள் நான் தனியாகச் சந்தைக்குப் போய் ஐந்து கிலோ உருளைக்கிழங்கு இந்தக் கையிலும் ஐந்து கிலோ வெங்காயம் அந்தக் கையிலுமாக வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். வந்தது நாங்கள் கட்டிய வண்டிதான்; ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். முதல் படி நாற்பத்தைந்து சென்டிமீட்டர். வரைபடத்தில் 450 மில்லிமீட்டர் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டவன் நான்தான். அடிச்சட்டத்தின் உயரத்துக்கும் தகட்டின் அளவுக்கும் அது பொருந்தி வந்தது. ஒரு வண்டிக்கு ஒரு தகடு மிச்சமாயிற்று என்று அப்போது என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள். எனக்கு முன்னால் ஏறிய ஒரு பெண்மணி முதலில் பைகளை உள்ளே எறிந்தார், பிறகு கைக்குழந்தையை உள்ளேயிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்தார், அதற்குப் பிறகு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தன்னை இழுத்துக்கொண்டார். பழகிப்போன கையாக இருந்தது. நான் ஏறும்போது ஒரு பை படியில் இடித்துக் கிழிந்து வெங்காயம் உருண்டது. நடத்துநர், "பாத்து ஏறுங்க பெரியவரே" என்றார். ஏறியவர்கள் எல்லோரையும் கடைசி நிறுத்தம் வரை எண்ணினேன். அறுபத்து மூன்று பேர். நாற்பது வருடத்துக்குப் பெருக்கிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெங்காயம் ஏன் குறைகிறது என்று இவள் கேட்டாள், உருண்டுவிட்டது என்றேன்.

அன்று மாலை அவளிடம் போய், "நீயே சொல்லு, என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அளவு சம்பந்தமான ஒரு விஷயத்தை நான் அவளிடம் கேட்டது அதுதான் முதல் முறை. அவள் ஆச்சரியப்பட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. தையல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சைடுகாரின் வெளிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து வளைவாக இறங்கி, தரைக்கு முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் நேராக ஓடி, மறுபடி வளைந்து மேலே ஏறுகிற ஒரு கோட்டை ஒரே இழுப்பில் போட்டாள். சம்பந்தி, இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்வது நல்லது.

வெல்டரை வரவழைத்தோம். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இது அந்தக் காலத்துப் பொருள். இதை வெட்டச் சொல்றீங்களா? எனக்கு மனசு வரல சார்."

"அவங்ககிட்ட பேசுங்க," என்றேன்.

இவள் கேட்டாள்: "ஏம்பா, உனக்கு ஒரு சட்டை தைக்கிறேன்னு வச்சுக்க. கை நுழையற எடம் சின்னதாப் போச்சு. நான் துணிய வெட்டணுமா, உன் கைய வெட்டணுமா?"

"துணியத்தாம்மா."

"அப்புறம் என்ன நின்னுக்கிட்டு? வெட்டு."

உங்களைக் கேட்காமல் செய்யவில்லை என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் மூன்று முறை உங்கள் எண்ணை அழைத்தேன். மூன்று முறையும் மணி அடிக்க ஆரம்பித்ததும் வைத்துவிட்டேன். நீங்கள் திரும்ப அழைத்தபோது கை தவறிப்பட்டுவிட்டது, பேரன் விளையாடினான் என்று சொன்னது பொய். அவனுக்கு அப்போது ஒரு பல்கூட இல்லை. பழியை மறுக்க முடியாத வயதில் இருந்தான். வெல்டர் கட்டிங் மெஷினை வைத்ததும் எழுந்த சத்தத்தில் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்டிய துண்டை வீணாக்கவில்லை, அதுதான் கதவு. அதே நீலம், அதே வளைவு, இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாள். உள்ளே அடிச்சட்டத்தோடு சேர்த்து ஒரு பட்டை இரும்பு கொடுத்து வலுப்படுத்தியிருக்கிறோம். ஆட்டம் இல்லை. இதைப் பணிமனைக்காரன் என்ற முறையில் உறுதி சொல்கிறேன்.

கீலைப் பின்பக்கம் வைத்ததில் ஒரு சிறு விபத்து உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஓடும்போது தாழ்ப்பாள் கழன்று, எதிர்க்காற்று கதவை விரியத் திறந்துவிட்டது. பாத்திரக் கடைக்காரர் வாசலில் வரிசையாக அடுக்கியிருந்த பிளாஸ்டிக் வாளிகளில் பதினொன்றை அது அள்ளிக்கொண்டு வந்தது. கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். இவள் வாளிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவரிடம் நீட்டி, "ஒன்னு கீறியிருக்கு, அதை நானே வாங்கிக்கிறேன்" என்றாள். கீலை முன்பக்கம் மாற்றினோம். இப்போது காற்று கதவைச் சாத்துகிறது. இருக்கைக்கு அடியில் பழைய அலுவலக நாற்காலி ஒன்றின் சுழல் தட்டைப் பொருத்தினோம். திரும்பி உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒன்றாகக் கீழே வைத்து, கைப்பிடியைப் பிடித்து எழுந்துவிடலாம். முதல் நாள் ஒரு திருப்பத்தில் இருக்கை தானாகவே சுழன்று, பக்கத்தில் சைக்கிளில் வந்தவருக்கு நேர் எதிராக இவளைக் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் பயந்து இறங்கிவிட்டார். ஒரு கொக்கி போட்டதும் அதுவும் அடங்கியது.

விளைவு: ஏற பதினொரு நொடி. இறங்க பதினான்கு. யாரும் கைகொடுக்க வேண்டாம், முக்காலி வேண்டாம், மீட்டர் வேண்டாம். எல்லாம் பொருத்தி முடித்த மறுநாள் அச்சகத்தின் பின்னால் நிறுத்தினேன். நான் கிளட்சிலிருந்து கையை எடுத்து, கியரைச் சரிபார்த்து, இறங்கி உதவுவதற்காகத் திரும்பிப் பார்த்தால் சைடுகார் காலி. இவள் கூடத்து வாசலில் நின்று ஒரு மாணவியின் காலரைப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. அது நன்றாகத்தான் இருந்தது. போன வாரம் தேர்வு முடிவு வந்தது. பதின்மூன்று பேர் தேறிவிட்டார்கள். பதினான்காவது பெண் தேர்வன்று ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். யார் கல்யாணம் என்று இவள் கோபமாகக் கேட்டாள். அவளுடையதுதானாம்.

ஆக, சம்பந்தி, உங்கள் சைடுகாரில் நான் செய்தது குற்றம்தான்; ஆனால் தேவையான குற்றம். மனிதர் ஏறி இறங்க முடியாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பாதி வண்டிதான் என்று என் அறுபத்தாறாவது வயதில் தெரிந்துகொண்டேன். இதை நாற்பது வருடம் முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பார்கள், எனக்குக் காது கேட்டிருக்காது. பணிமனைக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், முதல் படியை முப்பதாகக் குறைக்கச் சொல்லி. அதைப் படிப்பார்களா என்பது வேறு விஷயம். உங்களிடம் வேண்டுவது ஒன்றுதான்: வந்து பார்க்கும்போது கதவை வெறும் வெட்டாகப் பார்க்காதீர்கள், இவளை ஒரு முறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு இந்தக் கதவு இல்லாமல் இவள் எப்படி இருந்தாள் என்று நீங்களே கேட்பீர்கள். உயிர் உள்ளவரை அந்தக் கதவைப் பற்றவைத்து மூட விடமாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். உங்கள் கொட்டகையும் அதில் உள்ள வண்டிகளும் துருப்பிடிக்காமல் நீண்டகாலம் விளங்கட்டும். நீங்கள் எடுக்கிற ஸ்பானர் எல்லாம் முதல் தடவையிலேயே பொருந்தட்டும். பேரனின் சார்பில் முத்தம், ஈரமானது.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நட்பை நாடும் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டி முகவரி எழுதிய பிறகு இவளைக் கவனிக்கிற பிசியோதெரபி டாக்டரம்மா வந்தார், மறுபடி பிரித்து எழுதுகிறேன். இவளுடைய முழங்காலை மடக்கி அளந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் நூற்றுப் பதினெட்டு பாகை மடங்கியதாம். தன்னிடம் வருகிறவர்களில் இத்தனை வேகமாக யாரும் தேறியதில்லை, என்ன பயிற்சி செய்தீர்கள் என்று அன்றே கேட்க நினைத்தாராம். இன்று அளந்தால் நூற்று ஆறு. "மூணு வாரமா எதையோ நிறுத்தியிருக்கீங்க, என்ன அது?" என்றார். முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். ஒரு நாளைக்கு நாற்பது முறை அந்த விளிம்பைத் தாண்டியதுதான் முழங்காலைச் சரியாக்கியது என்றும், அந்தக் கதவைப் போல முழங்காலுக்குக் கெடுதல் வேறில்லை என்றும், இன்றைக்கே பற்றவைத்து மூடிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வெல்டர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே உங்கள் கொட்டகையில் கதவில்லாத சைடுகார் இன்னொன்று இருந்தால், வரும்போது கொண்டுவர முடியுமா? விளிம்பு தாண்டிப் பழக டாக்டரம்மாவிடம் இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்களாம். இந்த முறை எதையும் வெட்டமாட்டோம் என்று இவள் உங்களுக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.